வாயின் வாடையும் வழக்கின் சான்றும்: குடித்து வாகனம் ஓட்டிய குற்றச்சாட்டு குறித்து ஒரு வரலாற்றுப் பார்வை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



மது ஹராம் என்பதில் நமக்குள் இரண்டாவது கருத்து இல்லை. நாகூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை எனக் கடலோரம் வாழ்பவரானாலும், இராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை எனக் காவிரியின் கிளை ஆறுகளை ஒட்டி வாழ்பவரானாலும், ஷாஃபிஈ ஆனாலும் ஹனஃபீ ஆனாலும், இதில் ஒரே சொல்தான். ஆனால் இன்று நம் மஹல்லாக்களில் பெற்றோர் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி அதுவன்று. "பிள்ளையைக் குடித்துவிட்டு வண்டி ஓட்டினான் என்று பிடித்துவிட்டார்கள். வழக்கறிஞர் வைக்கலாமா? வைத்தால் பாவத்துக்குத் துணை போனதாகுமா?" என்பதே அக்கேள்வி. அதற்கு இரண்டு விதமான பதில்கள் நம்மிடையே வழக்கில் உள்ளன. ஒன்று, எப்படியாவது யாரையாவது பிடித்துப் பணத்தைக் கொடுத்து மூடிவிட வேண்டும் என்பது. மற்றொன்று, அவன் முகத்திலேயே விழிக்க வேண்டாம், அனுபவிக்கட்டும் என்பது. இவ்விரண்டும் மார்க்கத்தின் பதில்கள் அல்ல என்பதை நம் வரலாற்றிலிருந்தே காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

மதீனாவில் நடந்த மூச்சுச் சோதனை

குடித்தவரைக் கண்டறிய அவர் மூச்சைச் சோதிப்பது இந்த நூற்றாண்டின் கருவியோடு தொடங்கியதாகப் பலர் எண்ணுகின்றனர். ஸஹீஹ் முஸ்லிமில் புரைதா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று, ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் மதீனாவில் நடந்த ஒரு மூச்சுச் சோதனையைப் பதிவு செய்துள்ளது. மாஇஸ் பின் மாலிக் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தாம் விபசாரம் செய்துவிட்டதாகவும் தம்மைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்றும் மீண்டும் மீண்டும் கூறினார்கள். நபி (ஸல்) அவர்கள் உடனே தண்டனை விதித்துவிடவில்லை. திரும்பிச் சென்று பாவமன்னிப்புத் தேடுமாறு முதலில் அனுப்பினார்கள். பின்னர், அவருக்குச் சித்தப்பிரமை ஏதும் உண்டா என விசாரித்தார்கள். அதன் பின், அவர் மது அருந்தியிருக்கிறாரா என்று கேட்டார்கள். உடனே ஒருவர் எழுந்து மாஇஸின் வாயை முகர்ந்து பார்த்து, மதுவின் வாடை இல்லை என்று கண்டார்.

அந்த மூச்சுச் சோதனை எதற்காக நடத்தப்பட்டது என்பதை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். குடித்ததற்காக அவரைப் பிடிப்பதற்கன்று. போதையில் இருப்பவரின் வாக்குமூலத்தை நம்ப முடியாது. ஆகவே, அவர் போதையில் இருந்தால் அவ்வாக்குமூலத்தைத் தள்ளிவிடலாம் என்பதற்காகவே அது நடத்தப்பட்டது. அதாவது, இஸ்லாமிய நீதி வரலாற்றின் தொடக்கத்திலேயே குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஒரு காரணத்தைத் தேடி அவர் வாய் முகரப்பட்டது. நீதிபதியே பிரதிவாதியின் தரப்பைத் தேடிப் பார்த்த நிகழ்வு அது. தற்காப்பு என்பது வழக்கறிஞர் தொழிலுக்குப் பின்னால் வந்த கண்டுபிடிப்பன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

வாடை மட்டும் போதுமா?

நபித்தோழர்கள் காலத்தில் இக்கேள்வி நேராகவே எழுந்தது. உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சியில் கூஃபாவின் ஆளுநராக இருந்தவர் வலீத் பின் உக்பா. அவர் கலீஃபாவின் தாய்வழிச் சகோதரரும் ஆவார். அவர் மீது குடித்தார் என்ற குற்றச்சாட்டு வந்தது. ஒருவர், அவர் குடித்ததைக் கண்டதாகச் சாட்சி கூறினார். மற்றவர், அவர் மதுவை வாந்தி எடுத்ததைக் கண்டதாகச் சாட்சி கூறினார். குடிக்காதவர் அதை வாந்தி எடுக்க மாட்டார் என்று உஸ்மான் (ரலி) முடிவு செய்தார்கள். அலீ (ரலி) அவர்கள் எண்ணிக்கொண்டிருக்க, அப்துல்லாஹ் பின் ஜஅஃபர் (ரலி) அவர்கள் 40 அடிகள் கொடுத்தார்கள். நாற்பதானதும் அலீ (ரலி) நிறுத்தச் சொன்னார்கள். நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் 40 அடித்ததையும், உமர் (ரலி) அவர்கள் 80 அடித்ததையும் எடுத்துச் சொன்னார்கள். ஆளுநர் பதவியும் அவரைக் காக்கவில்லை. கலீஃபாவின் உறவும் காக்கவில்லை.

மற்றொரு நிகழ்வு புகாரீயில் உள்ளது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் ஹிம்ஸ் நகரில் சூரா யூசுஃப் ஓதினார்கள். ஒருவர் எழுந்து, இது இவ்வாறு அருளப்படவில்லை என்று மறுத்தார். அவரிடமிருந்து மதுவின் வாடை வீசியது. அவருக்கு இப்னு மஸ்ஊத் (ரலி) தண்டனை நிறைவேற்றினார்கள். இந்நிகழ்வைக் கொண்டு, வாடையே போதுமான சான்று என்று சிலர் வாதிட்டனர். இமாம் நவவீ (ரஹ்) அவர்களோ, அம்மனிதர் தாம் குடித்ததை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்றும், வாடை மட்டுமே தண்டனைக்குக் காரணமாகாது என்றும் விளக்கம் தருகிறார்கள்.

மத்ஹபுகளின் இமாம்கள் இதில் கருத்து வேறுபட்டனர். மாலிகீ மத்ஹபில், மதுவின் வாடையை அறிந்த நேர்மையான இருவர் சாட்சி சொன்னால் அது ஏற்கப்படும். ஷாஃபிஈ மத்ஹபில் வாடை மட்டும் போதாது. ஹனஃபீ மத்ஹபிலும் வாடை மட்டும் போதாது. அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்துப்படி சாட்சியோ வாக்குமூலமோ இருந்தாலும் அதனோடு வாடையும் இருக்க வேண்டும். போதாது என்றவர்கள் சொன்ன காரணங்கள் இன்றைய நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞர் எழுந்து சொல்வது போலவே உள்ளன. அவர் கட்டாயப்படுத்திக் குடிக்க வைக்கப்பட்டிருக்கலாம். மது எனத் தெரியாமல் குடித்திருக்கலாம். வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பியிருக்கலாம். வேறொரு பொருளின் வாடையும் அதைப் போல் இருக்கலாம். சந்தேகம் இருக்கும் இடத்தில் ஹத் தண்டனை விலகும் என்ற விதி இவை அனைத்துக்கும் அடியில் உள்ளது. மன்னிப்பதில் தவறிவிடுவது தண்டிப்பதில் தவறிவிடுவதைவிட மேல் என்ற கருத்தில் திர்மிதீயில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து விவாதம் இருப்பினும், அதன் பொருளை ஃபகீஹ்கள் ஏற்றே வந்துள்ளனர்.

தஞ்சை மண்ணில் ஃபிக்ஹ் சட்டம்

இவையெல்லாம் தொலைவில் உள்ள அரபு நாட்டின் பழங்கதை என்று நம் இளைஞர்கள் எண்ண வேண்டாம். இதே தஞ்சைச் சீமையில் அறுபது ஆண்டுகள் அளவுக்குக் குற்றவியல் நீதிமன்றங்களின் அடிப்படைச் சட்டமாக இருந்தது இந்த ஃபிக்ஹ்தான் என்பது பலருக்குத் தெரியாது.

1799ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் மன்னர் இரண்டாம் சரபோஜியுடன் செய்த உடன்படிக்கையால் தஞ்சையின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1802இல் சென்னை மாகாணத்துக்கென ஒழுங்குவிதிகள் இயற்றப்பட்டு, ஃபவுஜ்தாரி அதாலத் என்னும் தலைமைக் குற்றவியல் நீதிமன்றம் அமைந்தது. காவிரிப் பகுதி திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்பிரிவுச் சுற்று நீதிமன்றத்தின் கீழ் வந்தது. அந்நீதிமன்றங்களில் ஆங்கிலேய நீதிபதியுடன் காழியும் முஃப்தியும் சட்ட அதிகாரிகளாக அமர்ந்தனர். சாட்சியங்களைக் கேட்ட பின் அவர்கள் ஃபத்வா எழுதித் தருவர். கம்பெனியின் ஒழுங்குவிதிகள் மாற்றிய இடங்கள் போக, மற்றவற்றில் நடைமுறையில் இருந்தது ஹனஃபீ ஃபிக்ஹின் குற்றவியல் சட்டமே. கும்பகோணத்து வணிகரும் மன்னார்குடி விவசாயியும், எந்த மதத்தவராயினும், கடும் குற்றம் சாட்டப்பட்டால் அச்சட்டத்தின் கீழேயே விசாரிக்கப்பட்டனர்.

அச்சட்டத்தின் மீது கம்பெனி அதிகாரிகள் வைத்த குறை என்ன தெரியுமா? அது கொடுமையானது என்பது மட்டுமன்று. அது மிகவும் தளர்வானது என்பதே அவர்கள் அடிக்கடி சொன்ன குறை. வாரன் ஹேஸ்டிங்ஸ் காலம் முதலே வங்காளத்தில் இம்முறையீடு எழுந்தது. சாட்சி விதிகள் கடினமாக இருக்கின்றன. சிறு சந்தேகம் எழுந்தாலும் பெருந்தண்டனை நழுவிவிடுகிறது. குற்றவாளிகள் தப்பிவிடுகிறார்கள் என்றனர். அதனால்தான் ஒழுங்குவிதி மேல் ஒழுங்குவிதியாக இயற்றி அதை மாற்றினர். ஷரீஅத் என்றாலே உடனே வாள் என்று இன்று பேசுவோர், அதே சட்டம் இம்மண்ணில் தளர்வுக்காகக் குறை கூறப்பட்டதை அறிவது நலம்.

1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் ஃபவுஜ்தாரி அதாலத் மறைந்து சென்னை உயர் நீதிமன்றம் தோன்றியது. 1864இல் காழி, முஃப்தி ஆகிய சட்ட அதிகாரிகளின் பதவிகளும் நீக்கப்பட்டன. ஆனால் குடி குறித்த ஒரு கொள்கை இரு சட்டங்களிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. தண்டனைச் சட்டத்தின் 85, 86ஆம் பிரிவுகள், தன் விருப்பமின்றியோ தனக்குத் தெரியாமலோ போதையூட்டப்பட்டவனுக்கு மட்டுமே போதையை ஒரு தற்காப்பாக ஏற்றன. தானாகக் குடித்தவன், குடிக்காதவனுக்கு இருக்கும் அறிவு தனக்கும் இருந்தது என்றே கருதப்படுவான். பெரும்பாலான ஃபகீஹ்களும், தானாகப் போதையேற்றிக்கொண்டவன் தன் செயலுக்குப் பொறுப்பாளியே என்றனர். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 23, 24ஆம் பிரிவுகளாக அது தொடர்கிறது.

மதுவிலக்கும் படுகையின் எல்லைக்கோடும்

1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்தின் கீழ், கள்ளும் சாராயமும் அரசுக்கு வருவாயாயின. ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் கள்ளுக்கடை மறியல் மாகாணமெங்கும் நடந்தது. நாச்சியார்கோயிலைச் சேர்ந்த பா. தாவூத் ஷா தம் சப்-மாஜிஸ்திரேட் பதவியைத் துறந்ததும் அக்காலத்தில்தான். பின்னர் 'தாருல் இஸ்லாம்' இதழாசிரியராக அவரைத் தமிழ் முஸ்லிம் உலகம் அறிந்தது.

1937ஆம் ஆண்டில் ராஜாஜி அமைச்சரவை மதுவிலக்குச் சட்டத்தை இயற்றி, அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் அதைத் தொடங்கியது. 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் அது விரிந்தது. தஞ்சையில் குடிப்பதே குற்றமானது. ஆனால் நம் படுகைக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல் இருந்தது. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த காரைக்கால் படுகையின் நடுவிலேயே இருந்தது. அங்கே மதுவிலக்கு இல்லை. 1954 நவம்பர் 1 அன்று அது இந்தியாவின் பொறுப்புக்கு வந்த பின்னும் புதுச்சேரியின் தனிச் சட்டமே அங்கு நிலவியது. ஓர் ஆற்றைக் கடந்தால் ஹலாலும் ஹராமும் மாறுவதில்லை. ஆனால் சட்டம் மாறியது. இன்றும் நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் சோதனைச் சாவடிகளில் பிடிபடும் பலர் அந்த எல்லையைக் கடந்து வருபவர்களே.

1971 ஆகஸ்ட் 30 அன்று தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. முதிர்ந்த வயதில் ராஜாஜி முதல்வரை நேரில் சென்று சந்தித்து, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதை அக்காலத்தவர் மறக்கவில்லை. பின்னர் மூடியும் திறந்தும், 1983இல் டாஸ்மாக் நிறுவனம் உருவாகி, 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்தது. குடிப்பது குற்றம் என்ற நிலை போய், குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவது குற்றம் என்ற நிலை முன்னுக்கு வந்தது. ஒரு காலத்தில் சாராய வழக்குகளைப் பார்த்த அதே நீதிமன்றங்கள் இன்று இருசக்கர வாகன வழக்குகளைப் பார்க்கின்றன.

வாடையிலிருந்து மில்லிகிராமுக்கு

குடித்துவிட்டு மோட்டார் வாகனம் ஓட்டியதற்காக உலகில் முதன்முதலாகத் தண்டிக்கப்பட்டவர் என அறியப்படுபவர் லண்டன் வாடகைக்கார் ஓட்டுநர் ஜார்ஜ் ஸ்மித். 1897 செப்டம்பர் 10ஆம் நாள் அவருக்கு 25 ஷில்லிங் அபராதம் விதிக்கப்பட்டது. அன்று சான்று என்பது காவலரின் கண்ணும் மூக்கும்தான். 1936இல் நார்வே, இரத்தத்தில் உள்ள மதுவின் அளவையே குற்றத்தின் எல்லையாக்கியது. 1954இல் அமெரிக்காவில் ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் மூச்சை அளக்கும் கருவியை உருவாக்கினார். 1967இல் பிரிட்டன் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என எல்லை வகுத்தது.

நம் நாட்டில் 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், வாகனத்தைச் சரியாகக் கட்டுப்படுத்த இயலாத அளவு போதையில் இருப்பதைக் குற்றமாக்கியது. அதை எப்படி மெய்ப்பிப்பது என்பதே சிக்கல். 1971இல் மகாராஷ்டிரத்திலிருந்து வந்த ஒரு விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் இக்கேள்வியை எதிர்கொண்டது. ஓட்டியவரின் மூச்சில் வாடை இருந்தது, நடை தள்ளாடியது, பேச்சு குழறியது, கண்மணி விரிந்திருந்தது என மருத்துவர் சொன்னார். ஆனால் இரத்தமோ சிறுநீரோ சோதிக்கப்படவில்லை. இவற்றை மட்டும் கொண்டு அவர் போதையில் இருந்தார் என முடிவு செய்ய இயலாது என்றது நீதிமன்றம். ஷாஃபிஈ, ஹனஃபீ நூல்களை ஓதியவர்களுக்கு இத்தீர்ப்பு புதிதாகத் தோன்றாது.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவே இன்றைய விதி. 1994இல் திருத்தப்பட்ட பின், மூச்சுக் கருவியின் சோதனையில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருப்பதாகத் தெரிந்தால் அது குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஆய்வகச் சோதனையையும் சேர்த்தது. முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். இக்குற்றத்தைச் சாலையிலேயே பணம் கட்டி முடித்துக்கொள்ளும் இணக்கத் தீர்வுக்குச் சட்டம் இடம் தரவில்லை. நீதிமன்றத்துக்குத்தான் செல்ல வேண்டும். ஆகவே, சாலையோரத்தில் ரசீதின்றிக் கைமாறும் பணம் அபராதமன்று, அது லஞ்சம். மது அருந்தியவன் ஒரு ஹராமைச் செய்தான். அவனுக்காக லஞ்சம் கொடுக்கும் தந்தை, லஞ்சம் கொடுப்பவர் மீதும் வாங்குபவர் மீதும் நபி (ஸல்) அவர்களின் சாபம் உண்டு என்பதை அறிந்தே இரண்டாவது ஹராமைச் செய்கிறார்.

நியாயமான தற்காப்பு எது?

இவ்வழக்கில் வழக்கறிஞர் என்ன செய்வார்? பொய்ச் சாட்சியைக் கொண்டுவருவார் என்பதே நம்மில் பலரின் எண்ணம். நேர்மையான வழக்கறிஞர் முதலில் கேட்கும் கேள்விகள் எளியவை. கருவி உரிய காலத்தில் சரிபார்க்கப்பட்டதா? அதன் அச்சுச் சீட்டு உள்ளதா? அச்சீட்டில் உள்ள பெயரும் நேரமும் சரியா? கைது செய்யப்பட்டிருந்தால், 202ஆம் பிரிவின்படி 2 மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவர் பரிசோதித்தாரா? அவ்வாறு செய்யப்படாவிடில் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்கிறது அதே பிரிவு. அரிஷ்டம் போன்ற மருந்துகளில் இயல்பாகவே மதுச்சாரம் உருவாகிறது. சில வாய்க்கொப்பளிப்பு நீர்மங்களிலும் அது உண்டு. அவற்றை உட்கொண்ட உடனே ஊதினால் வாயில் தங்கியதே கருவியில் தெரியக்கூடும். மேலே நாம் கண்ட ஃபகீஹ்களின் கேள்விகளும் இவையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஊத மறுப்பது புத்திசாலித்தனம் எனச் சில இளைஞர்கள் நம்புகின்றனர். நியாயமான காரணமின்றி மறுப்பதே வழக்குத் தொடுத்தவர் தரப்புச் சான்றுக்கு வலு சேர்க்கும் என 205ஆம் பிரிவு சொல்கிறது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியலமைப்பின் 20(3) உறுப்பு, கைரேகை போன்ற உடற்சான்றுகளைத் தடுப்பதில்லை என 1961இலேயே 11 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்துவிட்டது.

குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞரை அமர்த்தும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்பு தருகிறது. 1976இல் சேர்க்கப்பட்ட 39அ உறுப்பு இலவச சட்ட உதவியை அரசின் கடமையாக்கியது. மாவட்டந்தோறும் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அதற்காகவே உள்ளது. பெண்களும் காவலில் இருப்பவர்களும் வருமானம் பாராமல் அதன் உதவியைப் பெறலாம். 2010இல் கோயம்புத்தூரிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், குறிப்பிட்ட சிலருக்காக எவரும் வாதாடக் கூடாது என வழக்கறிஞர் சங்கங்கள் நிறைவேற்றும் தீர்மானங்கள் செல்லாது என்றது. யாராயினும் தற்காப்புக்கு உரியவரே என்பதே அதன் சாரம்.

மார்க்கத்திலும், வழக்கில் தனக்காகப் பேச ஒருவரை நியமிப்பது வகாலத் என அனுமதிக்கப்பட்டதே. அலீ (ரலி) அவர்கள் தம் வழக்குகளுக்கு முதலில் அகீல் (ரலி) அவர்களையும், பின்னர் அப்துல்லாஹ் பின் ஜஅஃபர் (ரலி) அவர்களையும் வக்கீலாக நியமித்ததை ஃபிக்ஹ் நூல்கள் சான்றாக எடுத்துக்காட்டுகின்றன. இன்று நாம் சொல்லும் வக்கீல் என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததே. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. அன்ஸாரிகளில் ஒரு குடும்பத்தார் தம்மவர் திருடிய கவசத்தின் பழியை ஒரு யூதர் மீது போட முயன்றபோது, மோசடிக்காரருக்காக வாதாட வேண்டாம் என நபி (ஸல்) அவர்களுக்கே சூரா அந்நிஸாவின் 105ஆம் வசனம் முதலான வசனங்கள் எச்சரித்தன. அங்கே காக்கப்பட்டவர் முஸ்லிம் அல்லர், நிரபராதி. ஆகவே, சான்றில் உள்ள குறையைச் சுட்டுவது ஆகும். பொய்யை உண்டாக்குவது ஆகாது. ஓட்டியவனுக்குப் பதிலாகத் தம்பியோ வேலைக்காரரோ "நானே ஓட்டினேன்" என்று ஒப்புக்கொள்ள வைப்பது எவ்வகையிலும் தற்காப்பு ஆகாது. அது அந்தக் கவசத்தை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய்ப் போட்ட செயலே.

உயிர் போன இடத்தில்

இதுவரை நாம் சொன்னது எவருக்கும் தீங்கு நேராத வழக்குக்கு. ஓர் உயிர் போய்விட்டால் கணக்கே வேறு. 1999இல் டில்லியில் ஒரு சொகுசு வாகனம் 6 பேரைக் கொன்றது. 2006இல் மும்பையில் நடைபாதையில் உறங்கிய கூலித் தொழிலாளர்கள் 7 பேர் ஒரு வாகனம் ஏறி இறந்தனர். 2012இல் இவ்விரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம், இவை வெறும் கவனக்குறைவு அல்ல. உயிர் போகக்கூடும் என அறிந்தே செய்த, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் எனத் தீர்ப்பளித்தது. 10 ஆண்டு வரை சிறை விதிக்கத்தக்க பிரிவு அது.

காப்பீட்டிலும் வேறுபாடு உண்டு. 2021இல் உச்ச நீதிமன்றம், மூச்சுச் சோதனையோ இரத்தச் சோதனையோ இல்லாவிடினும், மற்றச் சூழ்நிலைகளைக் கொண்டு ஓட்டியவர் போதையில் இருந்ததைக் காப்பீட்டு நிறுவனம் மெய்ப்பிக்கலாம் என்றது. குற்ற வழக்கில் விடுதலை பெற்றவர், வாகனத்துக்கான காப்பீட்டுத் தொகையை இழக்கக்கூடும் என்பது இதன் பொருள்.

மார்க்கத்தின் கணக்கோ இதைவிடக் கடினமானது. தவறுதலாக ஒரு முஃமினைக் கொன்றவருக்கே தியத்தும் கஃப்பாராவும் உண்டு என சூரா அந்நிஸாவின் 92ஆம் வசனம் விதிக்கிறது. அடிமையை விடுதலை செய்ய வழியில்லாதவர் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு நோற்க வேண்டும். இது நீதிமன்றம் விடுதலை செய்தாலும் நீங்காத கடன். நபி (ஸல்) அவர்கள், தம்மிடம் வழக்கோடு வருவோரில் ஒருவர் மற்றவரைவிட நாவன்மை மிக்கவராக இருக்கக்கூடும் என்றும், அதனால் தாம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்துப் பிறர் உரிமை அவர் கைக்குப் போனால் அது நெருப்புத் துண்டே என்றும் எச்சரித்தார்கள். வக்கீலின் வாதத்தால் வழக்கில் வெல்லலாம். இறந்துபோன வயல் தொழிலாளியின் பிள்ளைகளுக்கு உரிய ஹக்கை அதனால் வெல்ல முடியாது. அக்குடும்பத்தைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்பதும், இழப்பீடு கிடைக்க உதவுவதும், நீதிமன்றம் சொல்லாவிட்டாலும் நம் மீது கடமையே.

சாலையும் மஹல்லாவும்

2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது எனத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கின் வேர் தமிழ்நாட்டில்தான் இருந்தது, வழக்கறிஞர் கே. பாலு சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய போராட்டம் அது. 2017 மார்ச் 31 அன்று, 20,000 வரை மக்கள்தொகை கொண்ட ஊர்களில் 220 மீட்டர் போதும் எனவும், பின்னர் நகராட்சி எல்லைகளுக்கு இது பொருந்தாது எனவும் அது தளர்ந்தது. தஞ்சை-நாகை நெடுஞ்சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் இரவில் பயணிப்பவர்களுக்கு இந்த மீட்டர் கணக்கின் பொருள் தெரியும். அறுவடைக் காலத்தில் நெல்லைச் சாலையிலேயே காய வைத்து, அதன் அருகிலேயே உறங்கும் மனிதர்கள் உள்ள நாடு இது.

பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் அனுப்பும் குடும்பங்களும் இதைக் கருத வேண்டும். சிங்கப்பூரில் முதல் முறைக்கே 2,000 முதல் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அதன் பின் வேலை அனுமதி என்ன ஆகும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, ஆரம்பத்தில் நாம் கண்ட பெற்றோரின் கேள்விக்கு நம் பதில் இதுவே. வழக்கறிஞரை அமர்த்துங்கள், அது பாவத்துக்குத் துணையன்று, நீதிக்குத் துணை. சான்றில் குறை இருந்தால் அதைச் சொல்லட்டும். பிள்ளை உண்மையில் குடித்திருந்தால், அவனிடம் பொய்யை எதிர்பார்க்காதீர்கள். அபராதம் விதிக்கப்பட்டால் கட்டுங்கள். ஓட்டுநர் உரிமத்தை இழந்தால் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறருக்குத் தீங்கு நேர்ந்திருந்தால், வழக்கு எப்படி முடிந்தாலும் அவர்களின் வாசலுக்குச் செல்லுங்கள்.

மஹல்லா ஜமாஅத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். மதீனாவில் அப்துல்லாஹ் என்ற ஒருவர் இருந்தார். நபி (ஸல்) அவர்களைச் சிரிக்க வைப்பவர். குடித்ததற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்டவர். ஒருமுறை அவரை ஒருவர் சபித்தபோது, சபிக்க வேண்டாம் என்றும், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்றும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தண்டனை நின்றுவிடவில்லை, ஆனால் அவர் சமூகத்திலிருந்து தள்ளப்படவும் இல்லை. வழக்கு நடக்கும் இளைஞனைப் பள்ளிவாசலின் முதல் வரிசையில் நிற்க விடுவதும், மருத்துவரிடம் அழைத்துச் சென்று குடியை விடச் செய்வதும், அதே வேளையில் அவனுக்காகப் பொய் சொல்ல மறுப்பதும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல. மூன்றும் சேர்ந்ததே நம் முன்னோர் காட்டிய வழி.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை மதுவின் தீங்கிலிருந்தும், நம்மைப் பொய்ச் சாட்சியின் தீங்கிலிருந்தும் காப்பானாக. நம் சாலைகளில் செல்லும் ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டுக்கு நலமாகச் சேர்ப்பானாக. ஆமீன்.